ஊசி தேடிய பூனை

கிட்ட வந்து உட்காருங்கள். இன்னும் கொஞ்சம். காலை நீட்டிக்கொள்கிறவர்கள் நீட்டிக்கொள்ளலாம், ஆனால் போர்வையை ஒருத்தரே இழுத்துச் சுற்றிக்கொள்ளக் கூடாது. எல்லாருக்கும் மூடியிருக்கிறதா? சரி.

அந்தக் காலத்தில், பூனையும் நாயும் மாடும் மனுஷரோடு வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த காலத்தில், மலையடிவாரத்தில் கூதல்பட்டி என்று ஓர் ஊர் இருந்தது. கூதல் என்றால் குளிர். பேருக்கு ஏற்ற ஊர்தான். காலையில் அடுப்புச் சாம்பலைக்கூட யாரும் சட்டென்று வாரிக் கொட்ட மாட்டார்கள். கொஞ்சம் சூடு மிச்சம் இருக்குமே என்று பக்கத்திலேயே குந்தியிருப்பார்கள்.

அந்த ஊரில் பாவாயி என்று ஒருத்தி. போர்வை தைப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. பழஞ்சேலைகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஏழு அடுக்கு விரிப்பாள். மேலே கிளிப்பச்சை, பாக்கு நிறம், கத்தரிப்பூ நிறம் என்று ஒட்டுத்துணி வைப்பாள். பிறகு எறும்பு வரிசை மாதிரி நெருக்க நெருக்கமாக ஓட்டத் தையல் போட்டுக்கொண்டே போவாள். அவள் தைத்த போர்வைக்குள் நுழைந்த ஆள், வெயில் பனைமர உயரம் ஏறின பிறகும் வெளியே தலை நீட்ட மாட்டான். அவள் புருஷன் சென்னியப்பனே அதற்குச் சாட்சி.

அந்த வீட்டில் இரண்டு பூனைகள். கொழுத்த கடுவன் பூனைக்கு வீராப்பு என்று பெயர். பெயரில் மட்டும்தான் வீராப்பு. மற்றபடி நாள் முழுக்கத் தூக்கம். பெட்டைப் பூனை சாம்பல் நிறம், ஒல்லி உடம்பு. அதற்கு நெத்திலி என்று பெயர். பாவாயிக்கு இரண்டும் உயிர். தான் ஒரு வாய் சாப்பிடும் முன்னே அதுகளுக்குச் சோறு பிசைந்து வைத்துவிடுவாள். ஒரே ஒரு விஷயத்தில்தான் கண்டிப்பு. போர்வைமேல் ஏறக் கூடாது.

காரணம் இருந்தது. அந்தக் காலத்துப் பூனைக்கு நகம் எப்போதும் வெளியேதான் நீட்டிக்கொண்டிருக்கும், நாய்க்கு இருக்கிற மாதிரி. நடந்தால் தரையில் டக், டக், டக். எலிகளுக்கு அது ரொம்ப நல்ல காலம். அந்த நகம் பழஞ்சேலையில் மாட்டினால் முழ நீளத்துக்குக் கிழித்துவிடும்.

நெத்திலிக்கு இது தீராத குறை. தினமும் தையல் நடக்கும் இடத்துக்கு வந்து, துணிக்கு ஒரு விரல்கடை தள்ளி உட்கார்ந்துகொள்ளும்.

"ஓரமா ஒரு சாண் இடம் குடு பாவாயி. சுருண்டு படுத்துக்கறேன்."

"உன்ற நகத்தை வெச்சுக்கிட்டா? போ, போ. அடுப்பங்கரையில போய்ப் படு."

"அடுப்பு ஆறிப்போச்சு."

"அப்ப வீராப்பு முதுகுல ஏறிப் படு."

"அவன் குறட்டை விடறான்."

"நான் எங்க குறட்டை விட்டேன்? என்ற மூச்சே அப்படித்தான்," என்று கண்ணைத் திறக்காமலே சொல்லும் வீராப்பு.

இப்படியாக இருக்கையில், சென்னியப்பனின் தங்கை மயிலாத்தாள் பிரசவத்துக்கு அண்ணன் வீட்டுக்கு வந்தாள். ஐப்பசியில் பெண் குழந்தை பிறந்தது. தை பிறந்ததும் குழந்தையின் அப்பா வீட்டார் வந்து தாயையும் பிள்ளையையும் கூட்டிப் போவார்கள். அவர்கள் ஊர் மலைக்கு அந்தப் பக்கம். வந்தவர்கள் கை கால் கழுவி உள்ளே நுழைந்ததும், மாமன் வீட்டுப் போர்வையை நடுவீட்டில் விரித்து, குழந்தையை அதில் கிடத்தித்தான் காட்ட வேண்டும். அதுதான் அங்கே முறை. அப்புறம் அந்தப் போர்வைக்குள்ளே வைத்துத்தான் குழந்தை பனியில் மலையைத் தாண்டும்.

பாவாயி மரப்பெட்டியைத் திறந்தாள். மாமியார் கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த அம்மாள் கட்டின ஏழு சேலைகள் மடித்த மடிப்புக் கலையாமல் இருந்தன.

"இதைத்தான் தைக்கப் போறேன், மயிலு. உங்கம்மா எடுத்துக் குடுத்த மாதிரி இருக்கட்டும்," என்றாள்.

மயிலாத்தாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையை ஆட்டினாள்.

மூன்று மாதம் தைத்தாள் பாவாயி. களை எடுத்துவிட்டு வந்து தைத்தாள், உலை கொதிக்கும் நேரத்தில் தைத்தாள். சம்பந்தி வீட்டார் மதியம் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்த நாளும் வந்தது. காலையில் ஒரு முழத் தையல்தான் பாக்கி.

அவளிடம் இருந்தவை மொத்தம் இரண்டு ஊசி. ஒன்று கையில், ஒன்று கொண்டையில். தைத்துக்கொண்டிருக்கும்போது நூல் தீர்ந்தது. அதே நேரம் குழந்தை வீரிட்டு அழுதது. மயிலாத்தாள் குளிக்கப் போயிருந்தாள். "இதோ வந்துட்டேன் கண்ணு," என்று கை ஊசியைப் போர்வையிலேயே குத்தி வைத்துவிட்டு ஓடினாள். குழந்தையைத் தூக்கினால் அடுப்பில் பால் பொங்கிவிட்டது. பாலை இறக்கினால் கன்றுக்குட்டி அவிழ்த்துக்கொண்டு ஓடிவிட்டது. எல்லாம் முடிந்து வந்து உட்கார்ந்தவள், குத்தி வைத்ததை மறந்துபோய்க் கொண்டையிலிருந்த இன்னொரு ஊசியை எடுத்து, போர்வையைத் திருப்பி, மடித்து, மிச்சத்தைத் தைத்து முடித்தாள். பல்லால் நூலைக் கடித்தாள். எழுந்து ஓர் உதறு உதறினாள்.

ஊசியைக் கொண்டையில் செருகும்போதுதான் கை தேடியது. இன்னொன்று எங்கே?

நூல் கோத்திருந்தாலாவது வால் மாதிரி வெளியே தொங்கும். வெறும் ஊசி. ஏழு அடுக்குக்குள் எங்கேயோ படுத்திருக்கிறது.

போர்வையை விரித்து உள்ளங்கையால் தடவினாள். ஒன்றும் தட்டுப்படவில்லை.

"கீழ விழுந்திருக்கும் புள்ள. கூட்டற வாக்குல குப்பையோட போயிருக்கும்," என்றான் சென்னியப்பன்.

"இல்லீங்க. துணியில குத்தி வெச்சேன். அந்தக் குத்து இன்னும் என்ற கையில இருக்குது."

அவனும் தடவினான். மயிலாத்தாள் ஈரத் தலையோடு ஓடிவந்து தடவினாள். "எனக்கு எல்லா இடமும் மெத்துன்னுதான் இருக்குது அண்ணி," என்றாள். லேசாகத் தடவினால் தெரியவில்லை. அழுத்தித் தடவினால் ஊசி இன்னும் உள்ளே போய்விடுமே.

ஓடைப் பக்கம் வண்டி மாட்டுச் சலங்கை கேட்டது.

"போர்வை இன்னும் முடியலைன்னு சொல்லிப்போடலாமா?" என்றான் சென்னியப்பன்.

"சொல்லலாம். பனியில புள்ளை எதுக்குள்ள போகும்?"

"தையலைப் பிரிச்சுத் தேடலாமே?"

"பழந்துணிங்க. பிரிச்சா தையலோட சேர்ந்து துணியும் வந்துரும். அப்புறம் அது அடுப்புத் துடைக்கத்தான் ஆகும்."

அப்படிச் சொன்ன பாவாயியே உள்ளே போய்க் கத்தியை எடுத்து வந்து முதல் தையலுக்கு அடியில் கொடுத்தாள். "போனாப் போகுது. புள்ளை முதுகுல ஊசி ஏறினா இந்தப் போர்வை எதுக்கு?"

மயிலாத்தாள் அம்மா சேலையைப் பார்க்கமாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டக், டக், டக்.

"கத்தியைக் கீழ வை, பாவாயி," என்றது நெத்திலி.

"விளையாட இதுவா நேரம்? போ!"

"எனக்கு என்ன விளையாட்டு? உன்ற விரல் ஊசி குத்திக் குத்திக் காய்ச்சுப்போன விரல். அதுக்கு ஊசியும் ஒண்ணுதான், ஈர்க்குச்சியும் ஒண்ணுதான். உன்ற புருஷன் கை ஏர் பிடிச்ச கை, அதைப் பத்திப் பேசவே வேண்டாம். என்ற பாதத்தைக் கொஞ்சம் தொட்டுப் பாரு."

பாவாயி தொட்டுப் பார்த்தாள். குழந்தையின் காது மடல் மாதிரி இருந்தது.

"பாதம் சரி. நகம்?"

நெத்திலி பின்னங்காலில் குந்தியது. வலது பாதத்தை நக்கியது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு மூச்சைப் பிடித்தது. ஒரு நகம் மெல்ல உள்ளே போனது. அடுத்தது போனது. பிறகு மற்றதெல்லாம். இடது பாதத்திலும் அப்படியே. பஞ்சுப் பொட்டலம் மாதிரி இரண்டு பாதம்தான் மிச்சம்.

வீராப்பு அன்றைக்கு முதல் தடவையாக இரண்டு கண்ணையும் ஒன்றாகத் திறந்தது. "ஏய், நகம் எங்கடி?"

"உள்ள."

"வலிக்குதா?"

"வலிக்குது. வாயை மூடு."

பாவாயிக்கு ஒரே ஆச்சரியம். "இது முடியும்னு இத்தனை வருஷமா ஏன் சொல்லலே?"

"நீ போ போன்னுதான் சொன்னே. எப்படி வருவேன்னு ஒரு நாளாவது கேட்டியா?" என்றது நெத்திலி. "சரி, ஊசியை எடுத்துக் குடுத்தா எனக்கு என்ன குடுப்பே?"

"என்ன வேணும், சொல்லு."

"இந்த வீட்டுல எந்தப் போர்வை தைச்சாலும் முதல் தூக்கம் என்னுது. நானா எந்திரிக்கிற வரைக்கும் யாரும் எழுப்பக் கூடாது."

"எடுத்துக்கோ."

"சத்தியமா?"

"அட, சத்தியமாத்தான்! சலங்கை கிட்ட வந்துருச்சு, ஏறு!"

"ஒண்ணு கேட்டுக்கோங்க எல்லாரும். மிதிக்கையில தொண்டைக்குள்ள ஒரு சத்தம் குடுத்துக்கிட்டே போவேன். சத்தம் கேட்டா அங்க ஊசி இல்லேன்னு அர்த்தம். சத்தம் நின்னா ஒருத்தரும் அசையக் கூடாது."

நெத்திலி போர்வைமேல் ஏறியது. வலது பாதத்தை வைத்து, விரலை விரித்து, மெல்ல அழுத்தியது. எடுத்தது. இடது பாதத்தை வைத்து அழுத்தியது. குர்ர்ர்... குர்ர்ர்... ஊசி இல்லை, ஊசி இல்லை. கிளிப்பச்சையில் மிதித்தது. பாக்கு நிறத்தில் மிதித்தது. குர்ர்ர்... குர்ர்ர்...

சத்தம் நின்றது.

மூன்று பேருக்கும் மூச்சே இல்லை. நெத்திலி தலையைத் தூக்கி, மூக்கைச் சுருக்கி, அச்சென்று ஒரு தும்மல் போட்டது.

"பழம்பெட்டி வாசம்," என்றது. மறுபடியும் குர்ர்ர்.

"இவ கையில உசுரைக் குடுத்துட்டு உட்கார்ந்திருக்கறம் பாரு," என்று முணுமுணுத்தான் சென்னியப்பன்.

வாசலில் மாடு கனைத்துக்கொண்டு வந்து நின்றது. "சம்பந்தி! உள்ள இருக்கீங்களா?" என்று கணீரென்று ஒரு குரல். மயிலாத்தாளின் மாமியார் குரல். பாவாயி எழுந்து போகவில்லை. சென்னியப்பன் சொம்புத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடினான், கால் கழுவுகிற சாக்கிலாவது கொஞ்ச நேரம் பிடித்து வைக்கலாம் என்று.

நெத்திலி கத்தரிப்பூ நிறத் துணிக்கு வந்தது. குழந்தையின் தலை வருகிற இடம் அது. வலது பாதம். இடது பாதம். குர்ர்ர்... குர்...

சத்தம் நின்றது. இந்த முறை தும்மல் வரவில்லை.

இடது பாதத்தை அப்படியே வைத்துக்கொண்டு, வலது பாதத்தில் அடக்கி வைத்த நகங்களில் ஒன்றே ஒன்றை மட்டும் வெளியே நீட்டியது. இரண்டு தையலுக்கு நடுவில் அந்த நகத்தை நுழைத்து, ஓர் இழைகூட அறுந்துவிடாமல் நோண்டியது. ஊசியின் காது மின்னியது. நகத்தை அதில் மாட்டி இழுத்தது. முழு ஊசியும் வந்து பாவாயியின் உள்ளங்கையில் விழுந்தது.

பாவாயி சிரித்தாளா அழுதாளா என்று அவளுக்கே தெரியாது. ஊசியைக் கொண்டையில் செருகினாள். நெத்திலியின் தலையை இரண்டு கையாலும் பிடித்து நெற்றியில் ஒரு முத்தம் வைத்தாள்.

"போதும்டி தங்கம். கிடைச்சிருச்சே, இன்னும் எதுக்கு மிதிக்கிறே?"

"இன்னொண்ணு இருந்தா?"

"இருந்ததே ரெண்டு ஊசி. ரெண்டும் என்ற கொண்டையில இருக்குது!"

"அது நீ எண்ணினது. நான் எண்ணலையே," என்றது நெத்திலி. விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்து, நாலு மூலையும் மிதித்துப் பார்த்தது. அப்புறம் நடுவில் வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்தது. படுத்ததும் தூங்கிவிட்டது.

சம்பந்தியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். வாட்டசாட்டமான ஆள். நடுவீட்டில் ஒட்டுப்போர்வை. போர்வை நடுவில் பூனை.

"ஏம்மா பாவாயி, இந்தப் பூனையும் சீரோட சேர்த்தியா?"

"மன்னிக்கோணுமுங்க அத்தை. வாக்குக் குடுத்துட்டேன். அதுவா எந்திரிக்கிற வரைக்கும் எழுப்பக் கூடாதுங்க," என்று நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொன்னாள் பாவாயி, ஊசியை மறந்தது தன் தப்பு என்பது வரைக்கும்.

சம்பந்தியம்மாள் கத்தரிப்பூ நிறத் துணியைத் தொட்டுப் பார்த்தாள். கத்தியைப் பார்த்தாள். பாவாயியைப் பார்த்தாள்.

"மூணு மாசத் தையலை அறுக்கத் துணிஞ்சியா?"

"புள்ளைக்கு மேலயாங்க போர்வை?"

சம்பந்தியம்மாள் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். வாசல் பக்கம் திரும்பி, "வண்டியை அவுத்துப் போடுங்கப்பா! நாளைக்குப் போய்க்கலாம். என்ற பேத்தி முதுகைக் காப்பாத்தினவ தூங்கறா," என்று குரல் கொடுத்தாள். குழந்தையை வாங்கிப் பூனைக்குப் பக்கத்திலேயே கிடத்தினாள். தூக்கத்திலேயே நெத்திலி குர்ர்ர் என்றது. சிணுங்கிக்கொண்டிருந்த குழந்தை கையை விரித்துப் பூனையின் வயிற்றில் போட்டுக்கொண்டு கண்ணை மூடியது.

அன்று முதல்தான் பூனைக்கு நகம் பாதத்துக்குள்ளே ஒளிந்திருக்கிறது. அன்று முதல்தான் பூனை, மெத்தையோ பழந்துணியோ எது கிடைத்தாலும், முன்னங்காலை மாற்றி மாற்றி மிதித்து, ஊசி இல்லை, ஊசி இல்லை என்று குர்ர்ரிட்டுச் சொன்ன பிறகே படுக்கிறது.

நெத்திலி அன்றைக்கு அத்தோடு விட்டதா என்றால், அதுதான் இல்லை. பொழுது சாயும் நேரத்தில் எழுந்தது. உடம்பை வில்லாக வளைத்துச் சோம்பல் முறித்தது. போர்வையைவிட்டு இறங்கி, சத்தமே இல்லாமல் நடந்து, வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த சம்பந்தியம்மாளின் பெரிய மடியில் ஏறி, வலது பாதத்தை வைத்து அழுத்தியது.

"அடியே, என்ற மடியில ஏதுடி ஊசி?"

"பார்த்தாத்தானே தெரியும்," என்று சொல்லிவிட்டு, இடது பாதத்தை வைத்தது.