சேராங்கொட்டைக் குறி

கிட்ட வந்து உட்காருங்க கண்ணுகளா. தூங்குற பிள்ளையை மடியில போட்டுக்கோ தாயி. இன்றைக்கு ஒரு விகடனின் கதை சொல்கிறேன். சிரிப்பு வரும், ஆனால் தொண்டையில் கொஞ்சம் சிக்கும்.

முன்னொரு காலத்தில் ஒரு ராசா. அவருக்கு முழங்கால் இரண்டும் வீங்கி, சிங்காசனம் ஏறவே ஆள் தாங்க வேண்டியிருந்தது. அரண்மனை வைத்தியர் மருதவாணர் சேராங்கொட்டையில் மருந்து செய்ய ஆரம்பித்தார். இது யார் வீட்டுத் துணி என்று தெரிய, சலவைக்காரர் கறுப்பாக ஒரு புள்ளி வைப்பாரே, அந்தக் கொட்டைதான். வாதத்துக்கு அதைச் சுத்தி செய்து கொடுப்பார்கள். பச்சையாகப் பட்டாலோ தோல் வெந்துவிடும். அதனால் வைத்தியர் கைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு, கொட்டையின் மூக்கை நறுக்கி, புளியிலைச் சாற்றில் வேகவைத்து, அந்தச் சாற்றைக் குழியில் கொட்டி மூடினார். இப்படிப் பல தடவை செய்ய வேண்டும், ஒரு மாதம் பொறுக்க வேண்டும் என்றார்.

மந்திரி கரியமாணிக்கத்துக்கு வைத்தியரின் செல்வாக்கு கண்ணை உறுத்தியது. சத்தையெல்லாம் குழியில் கொட்டிவிட்டு ராசாவுக்குச் சக்கையைத் தருகிறான், பச்சையாக உண்டால் மூன்றே நாளில் நடக்கலாம் என்று ஓதினார். ராசாவின் காதில் சக்கை என்ற சொல் மட்டும் தங்கிவிட்டது. பச்சையாகவே கொடு என்று கட்டளையிட்டார். என் கையால் கொடுக்கமாட்டேன் என்றார் மருதவாணர். அவரைச் சிறையில் போட்டார்கள். வருகிற பௌர்ணமியன்று ராசா மருந்துண்பது, வைத்தியரைக் கழுவேற்றுவது, இரண்டுக்கும் ஒரே முகூர்த்தம் குறித்தார்கள்.

அந்தச் சபையில் அம்பலக்கூத்தன் என்று ஒரு விகடன். பௌர்ணமிக்கு நாலு நாள் முன்பு அவன் யானைக்கொட்டடிப் பக்கம் போனான். அங்கே ஒரு யானை நாலு காலிலும் சங்கிலியோடு நின்றது. பாகன் பிச்சனை மிதித்துக் கொன்ற யானை என்றார்கள் காவலர்கள். பிச்சன் பெண்டாட்டி சீராயி கூத்தனைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள். மந்திரி பரீட்சை பார்க்க வெல்லத்தில் பொதிந்து இரண்டு பச்சைக் கொட்டையைப் பிச்சனுக்குக் கொடுத்திருக்கிறார்.

"வாயெல்லாம் வெந்து போச்சு சாமி. தண்ணி கேட்டாரு. ஊத்துனேன், இறங்கல."

பழியை யானைமேல் போட்டுவிட்டு, வெளியே சொன்னால் பிள்ளைகளை விடமாட்டோம் என்று மந்திரியின் ஆட்கள் மிரட்டியிருந்தார்கள். மந்திரிக்கும் உள்ளுக்குள் நடுக்கம்தான். சொன்ன யோசனையைத் திரும்ப வாங்கினால் தன் தலை போகுமே என்று வாயை மூடிக்கொண்டார்.

கூத்தன் அவள் பேரை எடுக்கவே இல்லை. மறுநாள் சபையில் கைகட்டி நின்றான்.

"மகாராசா, தாங்கள் எழுந்து நடந்ததும், யோசனை என்னுடையது என்று பத்துப் பேர் கிளம்புவார்கள். துணிக்குக் குறி வைப்பதுபோல இதற்கும் வைத்துவிடலாம். மந்திரியார் கையில், அதே கொட்டையின் பாலால், ஒரே ஒரு புள்ளி."

ராசா புன்னகைத்தார். மந்திரிக்கு முகம் வெளுத்தது. துணிக்கு வைப்பதை மந்திரி கையில் வைப்பதா என்று முனகினார்.

"மகாராசா வயிற்றுக்குப் போகிற பொருள், மந்திரியார் தோலுக்கு ஆகாதா?" என்றான் கூத்தன்.

சபையில் ஒருவரும் சிரிக்கவில்லை. மறுத்தால் குட்டு வெளிப்படுமே என்று மந்திரி கையை நீட்டினார். சலவைக்காரர் வந்து புள்ளி வைத்தார்.

பௌர்ணமி காலையில் ராசா மருந்துக் கிண்ணத்தோடு காத்திருக்க, மந்திரியைக் காணோம். பல்லக்கில் தூக்கி வந்தார்கள். கை தொடைபோல வீங்கி, கொப்புளம் உடைந்து நீர் வடிந்தது. முகமும் வீங்கி இரண்டு கண்ணும் மூடியிருந்தன.

"அது ஒரு புள்ளி மகாராசா. கிண்ணத்தில் நாலு கொட்டை இருக்கிறது" என்றான் கூத்தன்.

ராசா கிண்ணத்தைக் கீழே வைத்தார். கண் தெரியாத மந்திரி, யாரும் கேட்காமலே, பிச்சனும் இப்படித்தான் வெந்தான் என்று அழுதார்.

விகடன் கதை என்றால் இந்த இடத்தில் ராசா சிரிக்க வேண்டும். சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது.

கழுமரத்தடியில் நின்ற மருதவாணரை அவிழ்த்துவிட்டார்கள். அவர் நேரே மந்திரியிடம்தான் போய் உட்கார்ந்து புண்ணைப் பார்த்தார். ராசா தன் தோள்வளையைக் கழற்றிக் கூத்தனிடம் நீட்டினார். அவன் அதை வாங்கவில்லை. "யானைக்கொட்டடி வரைக்கும் தாங்கள் நடந்து வர வேண்டும்" என்றான்.

வீங்கின காலோடு ராசா நடந்தார். அடிக்கு அடி நின்று நின்று நடந்தார். சீராயி முன்னால், உன் புருசனைக் கொன்றது யானை இல்லை, என் அவசரம்தான் என்று சொன்னார். தன் கையாலேயே சங்கிலியை அவிழ்த்தார். யானை அப்புறமும் நின்ற இடத்திலேயே நின்றது. சீராயி போய் அதன் காதைத் தொட்ட பிறகுதான் காலை எடுத்து வைத்தது.

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்க வீட்டுக்கு மருந்து வந்தால் அது வைத்தியம் தெரிஞ்ச கையிலிருந்து வரட்டும். அடுப்பு அணையாமல் எரியட்டும், தொட்டில் ஆடட்டும். உங்க வீட்டில் யார் தண்ணி கேட்டாலும் அது தொண்டையில் குளிர்ச்சியாய் இறங்கட்டும்.