அரிசி மூட்டையும் காத்தமுத்துவும்

“அவன் என்னை வராதேங்கிறான், தாயி” என்றான் இருளாண்டி.

சோறு போடும் மடத்தை நடத்துகிற மடத்தம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். இருளாண்டியைவிட அவருக்கு வயது குறைவு. அதனால் என்ன, வெள்ளிக்கிழமை மண்டியில் மதிய லோடு இறங்கியதும் நேரே மடத்துக்கு வந்து அவர் முன்னால் உட்கார்ந்துவிடுவான். நாலு வார்த்தை கிடைக்கும். சில வாரம் அதுவும் கிடைக்காது, சோறு மட்டும் கிடைக்கும்.

“யாரு?”

“காத்தமுத்து.”

மீசை முளைத்த நாளிலிருந்து இருவரும் ஒன்றாக மூட்டை தூக்கியவர்கள். போன தை மாதம் மண்டிக் கிட்டங்கியில் ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கி வைத்திருந்த மூட்டை அட்டி சரிந்து காத்தமுத்துவின் முதுகில் விழுந்தது. தண்டுவடம் போய்விட்டது. இடுப்புக்குக் கீழே ஊசி குத்தினாலும் தெரியாது. இனி நடக்க முடியாது என்று டாக்டர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்.

“நீ என்ன பண்ணுன?”

“என்ன பண்ணலைன்னு கேளுங்க. விடிஞ்சதும் போயிருவேன். அப்படியே அள்ளிக் கொண்டுபோய்க் குளிக்க வைப்பேன். துடைச்சு, வேட்டி கட்டி, சக்கர நாற்காலில உக்கார வைப்பேன். டீக்கடைக்குத் தள்ளிட்டுப் போவேன். சாயங்காலம் கோயிலுக்கு. கூடப் பொறந்தவன் பண்ணுவானா இதெல்லாம்?”

“அவன் என்ன சொல்லுவான்?”

“என்னத்தச் சொல்ல. பேச்சே கிடையாது. இன்னைக்குக் காலைல திடீர்னு, ‘இனிமே இந்தப் பக்கம் வராத’ன்னுட்டான். மூஞ்சியச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டான்.”

இருளாண்டி அழுகையை மறைக்கத் தெரியாத ஆள். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தான்.

“அவனை விட்டா எனக்கு யாரு இருக்கா, தாயி? உசிரோட இருக்கும்போதே அவன் எனக்கு இல்லாமப் போயிருவான் போலிருக்கு.”

மடத்தம்மா கீரைக் காம்புகளை ஒதுக்கிவிட்டு எழுந்தார்.

“வாசல்ல அரிசி மூட்டை கிடக்கு. அடுப்படிக்குப் போகணும். தூக்கிருவியா?”

இருளாண்டிக்குச் சுருக்கென்றது. நண்பனைப் பற்றிச் சொன்னால் அரிசியைப் பற்றிப் பேசுகிறாரே. ஆனாலும் எழுந்தான்.

“ரெண்டு பேரு ஏத்திவிடணும்.”

“நானும் ராக்கும் ஏத்திவிடுறோம்.”

ராக்கு மடத்துச் சமையல்காரி. அண்டாவைத் தனியாக இறக்குகிறவள். மூட்டை அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை.

இருளாண்டி வாசலில் காலை அகட்டிக் குனிந்தான். ஒரு கால் இன்னும் சரியாக ஊன்றவில்லை. முதுகில் போட்ட துண்டு நழுவியது. அதை இழுத்துவிடக் கையைப் பின்னால் கொண்டுபோனான்.

அதற்குள் மூட்டை வந்து முதுகில் இறங்கியது.

தடுமாறி, முட்டி போட்டு, ஒரு பக்கமாகச் சரிந்தான். மூட்டை உருண்டு நடையில் கிடந்தது.

எதிரே நிற்பது யார் என்பதே அவனுக்கு மறந்துபோனது.

“கூறு இருக்கா உங்களுக்கு? நான் சொல்லாம எப்படி ஏத்தலாம்?”

“உதவிதானப்பா பண்ணுனோம்.”

“உதவியாம் உதவி. மண்டிக்கு நேத்து வந்த பயகூட இப்படிப் பண்ண மாட்டான். லாரிக்காரன் தொண்டை கிழியக் கத்தினாலும், கீழ நிக்கிறவன் ‘ம், விடு’ன்னு சொல்ற வரைக்கும் மூட்டையப் பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்கணும். கை கடுத்தாலும் நிக்கணும்.”

“ஏன்?”

“ஏன்னா? முதுகு அவனுதுல்ல? எப்போ, எப்படின்னு அவன்தான…”

பாதியில் நிறுத்தி, தன் முதுகைத் தடவிக்கொண்டே மெல்ல எழுந்தான்.

மடத்தம்மா திரும்பிப் போய்க் கீரையை எடுத்துக்கொண்டார். ராக்கு மூட்டையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். ஒன்றும் விளங்காமல் உள்ளே போனாள்.

இருளாண்டி சோற்றுக்குக்கூட நிற்காமல் காத்தமுத்துவின் வீட்டுக்கு நடந்தான்.

காத்தமுத்து கட்டிலில் கிடந்தான். இவனைக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டு கைகள் இரண்டையும் தூக்கிக் கொடுத்தான். எப்படியும் தூக்கத்தானே போகிறான் என்று.

இருளாண்டி கட்டிலருகே நின்றான். தொடவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் காத்தமுத்து ஒரு கண்ணைத் திறந்தான்.

“என்ன நிக்கிற?”

“நீ சொல்லு.”

“எதை?”

“என்ன செய்யணும்னு.”

காத்தமுத்து அவனை ஏற இறங்கப் பார்த்தான். கைகளைக் கீழே போட்டான். இருளாண்டி காத்து நின்றான்.

“டீக்கடைக்கு வேணாம்” என்றான் கடைசியில். “அங்க எல்லாவனும் என்னைப் பாவமாப் பாக்குறான்.”

“சரி.”

“கோயிலும் வேணாம்.”

“சரி.”

“மண்டிக்குக் கூட்டிட்டுப் போ.”

இருளாண்டி இத்தனை நாளும் அந்தத் தெருவே கண்ணில் படாமல் சுற்று வழியாகத்தான் நாற்காலியைத் தள்ளியிருக்கிறான்.

“அங்கயா?”

“அங்கதான். அட்டி விழுந்த இடத்தை நான் ஒருதடவ பாக்கணும். எவனும் என்னைக் கேக்கல.”

இருளாண்டி சக்கர நாற்காலியைக் கட்டிலோரம் கொண்டுவந்தான். பிறகு கேட்டான்:

“எந்தப் பக்கமாப் பிடிக்க?”

“வலப்பக்கம்டா” என்றான் காத்தமுத்து. “இத்தனை நாளும் இடப்பக்கமாவே தூக்கி என் தோள்பட்டையைக் கழட்டிட்ட, பாவி.”