கரைக்குள் வைக்கோல்

தாமரைக் குளத்துக்குப் புதுக் கரை கட்டும் காண்ட்ராக்ட், தொந்திராயன் என்ற பெருச்சாளிக்குக் கிடைத்தது. கரைக்குள் அடுக்க வேண்டிய கல்லைக் காட்டு மிருகங்கள் எல்லாம் மலையடியிலிருந்து சுமந்து வந்து யானை ராஜாவிடம் கொடுத்திருந்தன. ஆமைகூட முதுகில் ஒன்றை வைத்துக்கொண்டு மூன்று நாள் நடந்தது. ராஜா அத்தனை கல்லையும் தொந்திராயனிடம் ஒப்படைத்தார்.

கரையில் களிமண் பூசும் வேலைக்குச் செவத்தி என்ற நண்டு கடைசியாக வந்து சேர்ந்தாள். வயிற்று மடிப்பில் குஞ்சுகளைச் சுமந்துகொண்டே வேலை பார்த்தாள். மழைக்கு முன் அவற்றை இறக்கிவிட ஒரு வளை வேண்டும். அவள் கவலையெல்லாம் அதுதான்.

"புதுக் கரையிலேயே ஒரு வளை தோண்டிக்கோ செவத்தி. கூலிக்குப் பதிலா வச்சுக்கோ" என்றது பெருச்சாளி.

செவத்தி சந்தோஷமாகத் தோண்டினாள். முதலில் களிமண் வந்தது. அடுத்து வைக்கோல் வந்தது. பத்தடி தள்ளித் தோண்டினாள். அங்கும் வைக்கோல்தான். அப்படியானால் கல் எங்கே? தலையைத் தூக்கிப் பார்த்தாள். மேட்டின்மேல் தொந்திராயனின் புது வீடு பளபளவென்று நின்றது. முழுக்க முழுக்கக் கல்வீடு!

"முதலாளி, கரைக்குள்ள ஒரு கல்லுகூட இல்லையே?"

"பார்வைக்குக் கரை மாதிரி இருக்குல்ல? அது போதும். ஓவர்சியர் கொக்கே மூக்கால மூணு தட்டு தட்டி, இரும்பு மாதிரி இருக்குன்னு சொல்லிட்டாரு."

தட்டியதற்குக் கூலியாக ஓவர்சியருக்குத் தினமும் ஒரு கூடை கெண்டை மீன் போய்க்கொண்டிருந்தது.

"மழை பெய்ஞ்சா உடைஞ்சிடும் முதலாளி. கீழே முயல் குடும்பம் நாப்பது இருக்கு. நானும் குஞ்சுங்களும் கரைக்குள்ளேயே இருப்போம்."

"வாயைத் திறந்தே, வேலையும் இல்லை, வளையும் இல்லை. இந்தக் குளத்துல எவனும் உனக்கு இடம் தரமாட்டான்."

செவத்திக்குப் பயம்தான், மறைப்பானேன்? ஆனால் குஞ்சு சுமப்பவளை வைக்கோலுக்குள் குடிவைக்கப் பார்த்தானே என்று நினைக்க நினைக்க, பயத்தைவிடக் கோபம் பெரிதாகிவிட்டது. "சொல்லத்தான் போறேன்" என்றாள். அன்றைக்கே தொந்திராயன் அவளை வேலையை விட்டுத் துரத்தியது. வளையையும் மூடியது. வேறு இடம் கேட்டுக் குளத்தைச் சுற்றி வந்தாள். எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அந்தக் காட்டில் ராஜாவின் தாத்தா காலத்துச் சட்டம் ஒன்று உண்டு. பொதுச் சொத்தில் நடந்த திருட்டை எடுத்துச் சொன்னவருக்கு, மீட்ட பொருளில் ஐந்தில் ஒரு பங்கு. அதுவரை யாரும் அந்தப் பங்கைக் கேட்டதில்லை. செவத்தி அரண்மனையைப் பார்த்து நடந்தாள்.

வழியில் குளத்துத் தவளை ஒன்று மறித்தது. "செவத்தியக்கா, சோறு போட்டவரையே காட்டிக்கொடுக்கப் போறியா?"

"அவன் எனக்குப் போட்டது வைக்கோல்" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குப் போனாள்.

செவத்தி சொன்னதைக் கேட்டு ராஜா குளத்தங்கரைக்கே வந்தார். காடே திரண்டது.

"வேலையை விட்டு நிறுத்தினேன் மகாராஜா. அந்த ஆத்திரத்துல உளறுது" என்றது தொந்திராயன். கொக்கு தலையை ஆட்டியது.

"நான் பேசவே வேண்டாம். ராஜா ஒரு காலைத் தூக்கிக் கரைமேல வைக்கட்டும்" என்றாள் செவத்தி.

"ஐயோ, இன்னும் பூஜை போடலையே! அதுக்கு முன்னாடி மிதிச்சா காட்டுக்கே ஆகாது!" என்று பதறியது தொந்திராயன்.

ராஜா தயங்கினார். செவத்தி விடவில்லை. "உள்ளே கல்லு இருந்தா மிதிச்சா என்ன மகாராஜா?"

ராஜா காலை வைத்தார். முழங்கால்வரை உள்ளே போனது. வெளியே இழுத்தபோது பாதம் முழுக்க வைக்கோல் ஒட்டியிருந்தது. ஆமை மெதுவாக வந்து பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தது.

"என் கல் எங்கே?" என்று கேட்டது.

அது தொந்திராயன் வீட்டு வாசற்படியில் கிடைத்தது. கல்வீட்டை அன்றே பிரித்தார்கள். பெருச்சாளியையும் கொக்கையும் காட்டைவிட்டே விரட்டினார்கள்.

அடுத்து செவத்தியின் பங்கு. அங்கேதான் தவளை வாயைத் திறந்தது. "எல்லாரும் சுமந்த கல்லு. நல்ல மனசு இருந்தா, எனக்கு வேண்டாம்னு சொல்லணும்." நிறையத் தலைகள் ஆமாம் போட்டன.

ராஜாவும் குரலைத் தணித்தார். "பங்கை விட்டுக்கொடு செவத்தி. காடே உன்னைப் புகழும். நானே தாமரை மாலை போடுறேன்."

"மாலைக்குள்ள குஞ்சுங்களைக் குடிவைக்க முடியாது மகாராஜா. உண்மையைச் சொன்னேன், வேலை போச்சு, வளை போச்சு. இங்க நிக்கிற இத்தனை பேர்ல ஒருத்தராவது எனக்கு ஒரு சாண் இடம் கொடுத்தீங்களா? சட்டத்துல உள்ளதைக் கேக்குறேன். பிச்சை கேக்கல."

"அப்போ பங்குக்கு ஆசைப்பட்டுத்தான் சொன்னியா?" என்றது தவளை.

"ஆசையும் இருந்துச்சு. அதனால கரைக்குள்ள இருந்த வைக்கோல் கல்லாயிடுமா?"

ராஜாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "தாத்தா போட்ட சட்டத்துல நான் பேரம் பேசினது தப்பு" என்றார். ஐந்தில் ஒரு பங்கு கல்லைத் தாமே துதிக்கையில் தூக்கிக்கொண்டு வந்தார். கண்மறைவான ஓரிடத்தில் கட்டிக்கொள்ளச் சிலர் யோசனை சொன்னார்கள். செவத்தி கேட்கவில்லை. எல்லோரும் நடக்கிற பாதையோரத்திலேயே கல்வீடு கட்டினாள். குஞ்சுகளை அங்கேதான் இறக்கினாள்.

மிச்சக் கல்லில் கரை எழும்பியது. நினைத்ததைவிடக் கொஞ்சம் குட்டைதான், ஆனால் உள்ளே முழுக்கக் கல். ஒரு வாரம் விடாமல் பெய்த மழையிலும் அசையவில்லை. முயல் வீடுகளில் ஒரு சொட்டுத் தண்ணீர் புகவில்லை.

மழை விட்ட மறுநாள், கல்வீட்டு வாசலில் தவளை வந்து நின்றது.

"அக்கா, தெற்குப் பாலத்துக்கு நரி மூங்கில் கொடுக்குதில்ல, எல்லாம் உளுத்தது. எனக்கு ரொம்ப நாளாத் தெரியும்."

"பின்னே ஏன் சொல்லல?"

"இருக்கிற இடம் போயிடுமேன்னு பயம்." சொல்லிக்கொண்டே அது கல்சுவரை ஒருமுறை தடவிப் பார்த்தது.

செவத்தி வாசலுக்கு வெளியே வந்தாள். "வா, அரண்மனைக்கு வழி எனக்குத் தெரியும்" என்று முன்னால் நடந்தாள்.

ஊர்ப் பொருளைத் திருடியவனைத் துணிந்து சொன்னவர், சட்டம் தரும் பங்கைத் தலைநிமிர்ந்து வாங்கிக்கொள்ள வேண்டும். அதைப் பார்த்துத்தான் அடுத்தவருக்கும் வாய் திறக்கும்.