சும்மா இருந்த குருவம்மாள்

கருவேலம்பட்டியில் ஆய்வு நடத்த வந்த முனைவர் தெய்வநாயகம், அவ்வூர்ப் பெண்கள் எவரும் வேலை செய்வதில்லை என்று அறிக்கை எழுதினார். வீட்டில் சும்மா இருப்பவர்களுக்குக் குழந்தைகள் காப்பகம் எதற்கு, மூடிவிடலாம் என்பது அவருடைய பரிந்துரை.

அவர் விருந்தினராகத் தங்கியிருந்த வீட்டுக்காரி குருவம்மாள், தன் குழந்தையை அந்தக் காப்பகத்தில் விட்டுவிட்டுத்தான் அவருக்கும் சமைத்துப் போட்டாள். அவள் எதிர்த்துக் கேட்டதும் முனைவர் சிரித்தார்.

"சம்பளச் சீட்டு இருக்கா? இல்லேன்னா, நீ வேலை செய்யறேன்னு சாயங்காலத்துக்குள்ள நிரூபி, பார்ப்போம்!"

"சாயங்காலம் எதுக்குங்க ஐயா? மத்தியானமே போதும்."

நண்பகலில் முனைவர் கை கழுவிவிட்டு வந்து அமர்ந்தார். இலையும் இல்லை, சோறும் இல்லை. அடுப்புக்குள் பூனை சுகமாக உறங்கிக்கொண்டிருந்தது.

"சாப்பாடு எங்கேம்மா?"

"சமைச்சா உங்க அறிக்கை பொய்யாயிடுமே ஐயா! படிச்சவங்க எழுத்தைக் காப்பாத்தணும்னு ஊர்ப் பொம்பளைங்க எல்லாருமே இன்னைக்குச் சும்மா இருக்கோம்."

முனைவர் பொறுத்துப் பார்த்தார், வயிறு பொறுக்கவில்லை. சமையலும் வேலையே, காப்பகமும் தேவையே என்று தம் கையாலேயே திருத்தி எழுதினார். அதன் பின்னரே உலை கொதித்தது.

வயிறார உண்டவர், எச்சில் இலையை அப்படியே விட்டு எழுந்தார். குருவம்மாள் பேனாவை எடுத்து நீட்டினாள்.

"இலை எடுக்கறதை இன்னும் எழுதலீங்களே, ஐயா!"