மண்சட்டியில் இரண்டு நத்தைகள்

திருமேனி மூட்டையைக் கட்டிக்கொண்டே வந்துவிட்டார்.

"ரெண்டில் ஒண்ணு சொல்லுங்கம்மா. கூத்தன் போகணும், இல்லேன்னா நான் போறேன்."

மங்கையம்மை அந்த மடத்தின் குரு. வயதில் திருமேனியைவிடச் சின்னவர்தான். கோபத்தோடு வருகிறவர்களை முதலில் உட்காரச் சொல்வது அவர் வழக்கம். சொன்னார். திருமேனி உட்காரவில்லை.

நின்றபடியே மனக்குறையைக் கொட்டித் தீர்த்தார். அவரும் கூத்தனும் ஒரே நாளில் மடத்துக்கு வந்தவர்கள். ஒரே காவித்துணி, ஒரே மொட்டைத் தலை, ஒரே பாடம். வருகிற ஜனங்களுக்கு ஆள் அடையாளமே தெரிவதில்லை. திருமேனி மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு நல்ல பதில் சொன்னால், பெயர் கூத்தனுக்குப் போய்விடுகிறது. நேற்று ஒரு பக்தர் இவரையே "கூத்தன் சாமி" என்று கூப்பிட்டுக் கும்பிட்டாராம். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"எனக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்னு உங்களுக்காவது தெரியுமாம்மா?"

மங்கையம்மை, மடத்துக் குளத்தில் இரண்டு வகை நத்தை இருக்கிறது, ஒன்றின் ஓட்டைச் சுற்றிக் கறுப்புக் கோடுகள் ஓடும், மற்றது வெறும் ஓடு என்றார். வகைக்கு ஒன்று கொண்டுவந்தால் முடிவு சொல்வதாகச் சொன்னார்.

இது என்ன பெரிய வேலை என்று இறங்கினார் திருமேனி. இறங்கிய பிறகுதான் தெரிந்தது. எந்த நத்தையை எடுத்தாலும் ஓடு முழுக்கப் பச்சைப் பாசி. கோடாவது ஒன்றாவது. நகத்தால் சுரண்டிப் பார்த்தார். நத்தை மூடியைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டது.

கைக்குக் கிடைத்த இரண்டைத் தூக்கிவந்து மண்சட்டித் தண்ணீரில் போட்டார்.

"எது எதுன்னே தெரியலைம்மா. தேய்ச்சுக் கழுவிப் பார்க்கவா?"

"தேய்க்காதீங்க. சும்மா பாருங்க."

எரிச்சலோடுதான் குனிந்தார். வெகுநேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு ஒரு மூடி திறந்தது. இரண்டு கொம்புகள் மெல்ல நீண்டன. மற்றதும் எட்டிப் பார்த்தது. திருமேனி மூச்சை அடக்கிக்கொண்டார்.

ஒன்று ஊர்ந்து ஊர்ந்து மற்றதன் முதுகில் ஏறியது. அங்கிருந்த பாசியை மேய ஆரம்பித்தது. அது போன வழியெல்லாம் ஓடு சுத்தமாகிக்கொண்டே வந்தது. மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்தது அவர் காதில் விழவே இல்லை.

"அம்மா, இங்க வந்து பாருங்களேன். கீழ இருக்கறது கோடு போட்டது. இப்பத்தான் தெரியுது."

மங்கையம்மை வந்து எட்டிப் பார்த்தார்.

"மேல இருக்கறது?"

திருமேனி சட்டியை அப்படியும் இப்படியும் திருப்பினார். அதன் முதுகில் குளத்துப் பாசி அப்படியே இருந்தது.

"அது இன்னும் தெரியலை. கீழ இருக்கறது அதோட முதுகுல ஏறினாத்தான்…"

பாதியில் நிறுத்திவிட்டார்.

"சரி. கூத்தனைப் போகச் சொல்லிடவா?" என்றார் மங்கையம்மை.

திருமேனி சட்டியிலிருந்து நிமிர்ந்தார்.

"வேண்டாம்மா. அவன் போயிட்டா என் முதுகுப் பாசியை யாரு எடுப்பா."