ஏழாவது மரத்துப் பொந்து

"இன்னைக்கும் பழம் வரலையா அப்பா?" என்று குட்டி மொக்கு கேட்டது.

"வரும், வரும்!" என்றது செவலை அணில். அதுவே அதை நம்பவில்லை.

மூன்று நாளாகப் பொந்து காலி. மொக்குக்குக் காய்ச்சல். அத்திப்பழம் தவிர எதுவும் தொண்டையில் இறங்கவில்லை. அத்திமரம் ஆற்றுக்கு அந்தப் பக்கம். ஆற்றில் வெள்ளம்.

பழம் கொண்டுவருவது இருவாச்சிப் பறவை. முதல் நாள் மட்டும் பொந்தை வந்து பார்க்கும். "பாறையிலிருந்து ஏழாவது மரம்" என்று மனசில் குறித்துக்கொள்ளும். அப்புறம் கூப்பிடாது, எட்டிப் பார்க்காது. போட்டுவிட்டுப் பறந்துவிடும். வேகமான வேலைதான்! உள்ளே யார் இருக்கிறார்கள் என்று மட்டும் அதற்குத் தெரியாது.

அணில்களுக்கும் ஒரு வழக்கம் உண்டு. அண்ணன் தம்பி பிரிந்தாலும் பொந்து பொதுவில்தான் இருக்கும். உள்ளே விரித்த நாரில் ஒன்றை எது முதலில் மாற்றுகிறதோ, அது அதே மாதிரி வேறு பொந்து கட்டிக்கொண்டு போக வேண்டும்.

செவலையும் தம்பி வரியனும் அப்படித்தான் பிரிந்தன. மூன்று நாள் முன்பு, மொக்குக்குக் குளிர்கிறதே என்று செவலை ஏழாவது மரத்துப் பொந்தில் ஒரு பிடி பஞ்சு வைத்தது. அவ்வளவுதான், அன்றே எட்டாவது மரத்துக்குப் போக வேண்டியதாயிற்று. அதே நார், அதே வாசனை. வீடு மாறியதாகவே செவலைக்குத் தோன்றவில்லை; இருவாச்சியிடம் சொல்லவும் இல்லை.

நாலாம் நாள் அது மர உச்சியில் ஏறிக் கத்தியது.

"ஏ இருவாச்சி! என் குட்டி சாகுது! பழம் எங்கே?"

"என்னை ஏன் திட்டுறே? தினமும் ஏழாவது மரத்துல போட்டேனே!"

செவலை தாவி ஓடியது. வரியன் என்றைக்கோ அடுத்த காட்டுக்குப் போய்விட்டிருந்தது. ஆளில்லாத பொந்து நிறைய அத்திப்பழம். அடியில் அழுகல், மேலெல்லாம் எறும்பு. இன்றைய பழம் ஒன்று மட்டும் நல்லதாக இருந்தது. அதைக் கவ்விக்கொண்டு திரும்பி ஓடியது.

"மொக்கு, பழம்டா! வாயைத் திற!"

மொக்கு வாயைத் திறக்கவில்லை.

இருவாச்சி கிளையில் வந்து உட்கார்ந்தது. முதல் நாளுக்குப் பிறகு அன்றுதான் அது ஒரு பொந்துக்குள் எட்டிப் பார்த்தது.

"பழம் போட வந்த முதல் நாளே சொன்னேனே. 'இந்தப் பொந்து பொதுவுல சேராது, எனக்கு மட்டும்'னு பிரியறதுக்கு முன்னாடியே தம்பிகிட்ட சொல்லிடுன்னு. சொன்னியா?"

"தம்பிதானே, அப்புறம் சொல்லிக்கலாம்னு..." என்றது செவலை.

பிரிவதற்கு முன்பே எது பொதுவில் சேராது என்று வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். செவலைக்குச் சொன்னது அந்த ஒன்றுதான், அதைத்தான் அது செய்யவில்லை.