கடைசி வாரத்துக் கவர்கள்

ஒரகடம் பக்கத்தில் பெண்கள் விடுதி ஒன்றில் ஒரு குரு இருந்தாள். குருவுக்கு வயது இருபத்தைந்து. சிஷ்யைக்கு இருபத்தெட்டு.

குருவின் சொந்தப் பெயர் இன்பவல்லி. எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை. லைனிலிருந்து இறங்கும் சர்க்யூட் போர்டுகளை லென்ஸ் வைத்துப் பார்ப்பாள். முடி அளவு விரிசல் இருந்தாலும் எடுத்து ஓரமாக வைத்துவிடுவாள். நாள் முழுக்க அப்படிப் பார்த்துப் பார்த்தோ என்னவோ, பேச்சு குறைவு. எதைக் கேட்டாலும் கொஞ்சம் பொறுத்துத்தான் பதில் வரும். அதைப் பார்த்துத்தான் விடுதிப் பெண்கள் கேலியாகக் குரு என்று பெயர் வைத்தார்கள்.

சிஷ்யையான பேச்சியும் கேலியாகத்தான் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தாள். பிறகு அவளுக்கு மட்டும் அது கேலியாக இல்லாமல் போயிற்று.

எல்லாம் 'கலம் 27' தொடரால் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு அது தொலைக்காட்சியில் வரும். ஒரு விண்கலம். அதில் தன்னந்தனியாக ஒரு கேப்டன். நாற்பது வருடம் பனிப்பெட்டிக்குள் தூங்கி எழுந்தவன்; பழையது பாதி மறந்துவிட்டது. வாரம் ஒருமுறை அவனுடைய ரேடியோவில் ஒரு குரல் கேட்கும். ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது, அவ்வளவு இரைச்சல். "இடப்பக்கம் திரும்பு" என்னும். "தண்ணீரை மிச்சம் வை" என்னும். அதை நம்பித்தான் கேப்டன் கலத்தை ஓட்டினான். பேசுவது யார் என்பதுதான் இருபத்தாறு வாரமாக விடுதியின் பெரிய கேள்வி.

விடுதியில் இதற்கு ஒரு வழக்கம் இருந்தது. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள், நாளைக்கு என்ன நடக்கும் என்று ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் எழுத வேண்டும். சம்பள ரசீது வந்த பழைய பழுப்புக் கவரில் அதைப் போட்டு, மேலே பெயர் எழுதி, பிஸ்கட் டின்னுக்குள் வைக்க வேண்டும். ஞாயிறு, தொடர் முடிந்ததும் குரு ஒவ்வொன்றாகப் பிரித்துப் படிப்பாள். யாருடையது பலித்ததோ, அவளுடைய அறைக் கதவில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டப்படும்.

டின்னைப் பாதுகாப்பது பேச்சியின் பொறுப்பு. குரு ஒப்படைத்த பொறுப்பு. தன் கட்டிலுக்கு அடியில், துணிப்பெட்டிக்குப் பின்னால் வைத்திருந்தாள்.

அவள் கதவில் ஒரே ஒரு பொட்டு இருந்தது. ஐந்தாம் வாரம் ஒட்டியது. இரண்டு முறை உதிர்ந்து விழுந்து, பசை தடவி மறுபடி ஒட்டியிருந்தாள்.

பதினான்காம் வாரம் பானு வந்து சேர்ந்தாள். இருபது வயது. ஆம்பூர்க்காரி. வந்த மூன்று மாதத்தில் அவள் கதவில் ஐந்து பொட்டு.

"எப்படிடி உனக்கு மட்டும் தெரியுது? சேனல்காரன் உனக்கு மாமாவா?" என்பாள் சகாயராணி. அவள் வாய்க்குத் தப்பியவர்கள் அந்த விடுதியில் இல்லை.

"சும்மா தோணுறதை எழுதுறேன்க்கா," என்று சிரிப்பாள் பானு.

அந்தச் 'சும்மா'தான் பேச்சியை அறுத்தது. பேச்சி எதையும் சும்மா எழுதியதில்லை. தன் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள். பரீட்சை எழுதும்போது பக்கத்துப் பெண் கூடுதல் தாள் கேட்டால் போதும், தன் விடையெல்லாம் தப்பென்று தோன்றிவிடும். சரியாக எழுதியதை அடித்துவிட்டு வந்து அழுதது எத்தனையோ முறை.

பொட்டைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். இருபதாவது வாரம் பானு ஒரு கேள்வி கேட்டாள்.

"குரு, இந்தக் கேப்டன் ஏன் அந்தக் குரல்கிட்ட ஒருநாள்கூட 'நீ யாரு'ன்னு கேட்கவே மாட்டேங்கிறான்?"

குரு வழக்கம்போலப் பொறுத்தாள். பிறகு சிரித்தாள்.

"நல்ல கேள்வி," என்றாள்.

பேச்சி இருபது வாரமாகக் குருவுக்கு நாற்காலியில் துண்டு போட்டு இடம் பிடித்தவள். ஷிஃப்ட் முடிந்து வந்தால் டீயை மூடி வைத்துக் காத்திருப்பவள். எண்ண முடியாத அளவுக்குக் கேள்வி கேட்டிருக்கிறாள். ஒன்றுக்குக்கூட அந்தச் சிரிப்பு வந்ததில்லை.

அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தொடர் முடியும் வாரம் வந்தது. கடைசிக் கவர் பலித்தவளுக்குப் பொட்டோடு சேர்த்துக் குருவின் வரைபட நோட்டும் என்று முடிவாயிற்று. கலம் போன வழியை வாரா வாரம் கிராஃப் தாளில் குரு பென்சிலால் வரைந்து வந்த நோட்டு அது. அதைத் தொட்டுப் பார்க்கக்கூடப் பேச்சி கையைக் கழுவிவிட்டுத்தான் வருவாள்.

சனிக்கிழமை நான்கு மணிக்குப் பானு கவரோடு வந்தாள்.

"பேச்சிக்கா, இந்தத் தடவை எழுதும்போதே கை பரபரன்னுச்சு. பாருங்க, பலிச்சிரும்," என்று சொல்லி டின்னில் போட்டுவிட்டுப் போனாள்.

அறையில் வேறு யாரும் இல்லை. கவர்களுக்குப் பசை போடுவது வழக்கமில்லை. வாயை மடித்து விடுவதோடு சரி. பேச்சி கட்டிலருகே மண்டி போட்டாள். பானுவின் கவரைப் பிரித்தாள்.

'பேசுவது கேப்டனின் மகள். பூமியில் இப்போது அவள் கிழவி ஆகியிருப்பாள்.'

பேச்சி அதை இரண்டு முறை படித்தாள். இதுதான். இது எப்படி எனக்குத் தோன்றாமல் போனது?

தன் சீட்டை எடுத்துப் பார்த்தாள். 'பேசுவது கேப்டனேதான். தூங்கப் போகும் முன் தனக்கென்று பேசிப் பதிந்து வைத்தது.' நான்கு நாள் யோசித்து எழுதியது. இப்போது படித்தால் அசட்டுத்தனமாக இருந்தது. தனக்குத்தானே ஒருவன் பேசி வைப்பானா?

பானுவின் சீட்டைத் தன் கவரில் போட்டாள். தன் சீட்டைப் பானுவின் கவரில் போட்டாள். டின்னை மூடினாள்.

மறுநாள் பதினொரு மணிக்கு ஹாலில் பதினேழு பேர். கீழே பாய் விரித்துப் பாதிப் பேர்.

கடைசிக் காட்சியில் கேப்டன் ரேடியோ முன்னால் வந்து உட்கார்ந்தான். பேசும் முன் இரண்டு முறை சின்னதாக இருமினான். முதல் வாரத்திலிருந்து அவனுக்குள்ள பழக்கம் அது.

"நீ யார்?" என்று கேட்டான்.

இரைச்சல். பிறகு இரைச்சலுக்குள்ளிருந்து இரண்டு சின்ன இருமல்.

"ஐயோ! இருமல்டி! அதே இருமல்!" என்று யாரோ கத்தினாள். பாயில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள்.

"நீ இதைக் கேட்கும்போது என்னை மறந்திருப்பாய்," என்றது குரல். இரைச்சல் விலகிவிட்டிருந்தது. கேப்டனின் குரலேதான். திரை இருண்டது.

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஏமாற்றிவிட்டான் என்றாள் ஒருத்தி. எனக்கு அழுகை வருது என்றாள் இன்னொருத்தி. பேச்சி மட்டும் அசையவில்லை.

குரு கவர்களைப் பிரிக்க ஆரம்பித்தாள். பூமியின் அதிபர் என்று ஒருத்தி எழுதியிருந்தாள். பேய் என்று எழுதியிருந்தாள் சகாயராணி. "அது சயின்ஸ் கதைடி!" என்று ஹாலே சிரித்தது.

அடுத்து பானுவின் கவர். குரு சீட்டை எடுத்தாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். போர்டைப் பார்க்கும் பார்வை.

பிறகு படித்தாள். "பேசுவது கேப்டனேதான். தூங்கப் போகும் முன் தனக்கென்று பேசிப் பதிந்து வைத்தது."

கூரை பறந்துவிடும்போல ஒரு சத்தம். ஆளாளுக்குப் பானுவின் முதுகில் தட்டினார்கள். கன்னத்தைக் கிள்ளினார்கள்.

பேச்சிக்கு வயிறு பற்றி எரிந்தது. நேற்றுத் தன் கையில் அசட்டுத்தனமாகக் கிடந்த வரி, பானுவின் பெயரில் கேட்கும்போது எவ்வளவு அழகாக இருக்கிறது! இந்தச் சின்னப் பெண்ணுக்கு மட்டும் எப்படித் தோன்றுகிறது? அது தன்னுடைய வரி என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் எரிந்தது.

"இருங்க, இருங்க," என்றாள் பானு. "இது நான் எழுதலை."

"அடக்கம் பாருடி!"

"இல்லக்கா, நிஜமா. நான் மகள்னு எழுதினேன்."

சத்தம் மெல்ல அடங்கியது. குருவின் மடியில் ஒரே ஒரு கவர் மிச்சம் இருந்தது. அதன் மேல் பேச்சியின் பெயர். குரு அதைப் பிரிக்கவில்லை.

"அக்கா," என்றாள். "படிக்கட்டுமா?"

பேச்சி அந்தக் கவரைப் பார்த்தாள். அதைப் படித்தால் எல்லாம் வெளியே வரும். படிக்காவிட்டால் அந்த வரி ஒருநாளும் அவளுடையது ஆகாது.

"படிக்க வேண்டாம்," என்றாள். "அதுல பானு எழுதினது இருக்கு. நேத்து நான்தான் மாத்தி வச்சேன்."

சகாயராணிதான் முதலில் விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள்.

"அப்போ சரியா எழுதினது நீ?"

"ஆமா."

"சரியானதை அவளுக்குக் கொடுத்துட்டு, தப்பானதைத் திருடியிருக்க?"

"ஆமா."

"உருப்பட்ட திருடிதான்டி நீ!"

பின்னால் யாரோ சிரித்தார்கள். அப்புறம் நிறையப் பேர் சிரித்தார்கள். பானு சிரிக்கவில்லை.

"என் கவரைப் பிரிச்சுப் படிச்சீங்களாக்கா?"

"ஆமா."

"கேட்டிருந்தா நானே காட்டியிருப்பேனே."

அதற்கு மேல் பேச்சியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நோட்டு யாருக்கு, குரு?" என்று ஒருத்தி கேட்டாள். கவரில் யார் பெயரோ அவளுக்கு என்றார்கள் சிலர். எழுதினவளுக்கு என்றார்கள் சிலர். திருடினவளுக்கா கொடுப்பது என்றாள் சகாயராணி.

"உனக்கு வேணுமா?" என்று குரு பானுவைக் கேட்டாள்.

"நான் எழுதாததுக்கு எப்படிக் குரு வாங்குறது?"

"உங்களுக்கு, அக்கா?"

பேச்சி இல்லையென்று தலையசைத்தாள்.

குரு வரைபட நோட்டை டின்னுக்குள் வைத்தாள். மூடியை அழுத்தினாள். எழுந்து வந்து டின்னைப் பேச்சியின் மடியில் வைத்தாள்.

"இவகிட்டயேவா?" என்றாள் சகாயராணி.

"அவங்க கட்டிலுக்குக் கீழேதான் இடம் இருக்கு," என்றாள் குரு.

பிரியாணி வந்துவிட்டதாக மெஸ்ஸிலிருந்து குரல் வந்தது. ஹால் காலியாயிற்று.

நாலரை மணிக்குக் குரு மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். பேச்சி படியேறி வந்தாள். கையில் டின்.

"கையெழுத்து தெரிஞ்சுதானே படிச்ச?"

"தெரிஞ்சுதான்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

குரு ஒரு சுடிதாரை மடித்தாள்.

"என் கதவுல இன்னொரு பொட்டு ஒட்டியிருக்கு. நீயா?"

"இல்லை."

"அப்போ பானு." பேச்சி டின்னைத் தண்ணித் தொட்டிமேல் வைத்தாள். "பாரு, அதுலயும் அவதான் முந்திக்கிட்டா. நான் போய் மன்னிப்பு கேட்கலாம்னு கிளம்புறேன், அதுக்குள்ள அவ வந்து பொட்டு ஒட்டிட்டுப் போயிருக்கா. அதைப் பார்த்ததும் மனசு குளிரணும் இல்ல? எரியுது குரு. இவளுக்கு மட்டும் எப்படி இப்படி இருக்க வருதுன்னு எரியுது."

குரு ஒரு துப்பட்டாவை உதறி மடித்தாள்.

"இன்னொண்ணு சொல்லட்டுமா? வேற யார்கிட்டயும் சொல்ல முடியாது. அவ பேரைச் சொல்லி என் சீட்டை நீ படிச்சப்போ, அது நான் எழுதினதுன்னு எனக்குத் தெரியும். நாலு நாள் யோசிச்சு எழுதினது. அப்படியும் அந்த வரியைக் கேட்டதும் எனக்குப் பொறாமையா இருந்துச்சு."

குரு கொடியிலிருந்த கடைசித் துணியை எடுத்தாள். கிளிப்புகளைக் கூடையில் போட்டாள். வழக்கத்தைவிட அதிகமாகப் பொறுத்தாள்.

"யார் மேல, அக்கா?" என்று கேட்டாள்.